ஐந்து மணிப் படகு

ஜனவரி 6

என் தடித்தம்பிக்கு,

அக்கா எழுதறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? நான் குடுத்த தைலத்தைத் தேய்க்கிறியா, இல்ல அந்தக் கப்பல்ல எதாவது மூலையில உருட்டி விட்டுட்டியா? உன் தூர்வாரற டிரெட்ஜர்ல போன் எடுக்காதது ஒரு விதத்துல நல்லதுதான். இங்கயும் போன்ல பேசினா உங்க அத்தான் காதுல விழும். எழுதினா சத்தம் கேக்காது.

நேத்து ஒரு விஷயம் நடந்துச்சு. இவர் ஓட்டின பஸ் மோதி அந்த மருந்துக்கடைக்காரர் போய்ச் சேர்ந்து பதினாலு மாசம் ஆச்சு. கோர்ட்டே உங்க அத்தான் மேல தப்பில்லன்னு சொல்லிடுச்சு, டெப்போவுலயும் வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாங்க. இவர் பின்கட்டு ரூமை விட்டு வெளிய வரல. குளிக்க, சாப்பிட, அவ்வளவுதான். நானும் கெஞ்சிப் பாத்தேன், கத்திப் பாத்தேன், சோத்துத் தட்டை டொக்குனு வெச்சுப் பாத்தேன். நேத்து நான் சட்டைக்குக் காஜா எடுத்துட்டிருக்கேன், பின்னாடி வந்து நிக்கிறார். "அந்தத் தீவுக்கு ஒரு நாள் போயிட்டு வரலாமா?"ங்கறார். எனக்கு ஊசி விரல்ல ஏறிடுச்சுடா.

உனக்குத் தெரியும்ல, கல்யாணமாகி மூணாவது மாசம் நாங்க போன தீவு. காலையில எட்டு மணிக்குப் படகுக்காரர் இறக்கிவிட்டுட்டுப் போயிடுவார், சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தான் திரும்ப வருவார். நடுவுல ஒரு ஈ காக்கா கிடையாது. நீ அந்தக் கரைப் பக்கமே வேலை பாக்கறவன், அதனால கேக்கறேன். அந்தப் படகு இன்னும் ஓடுதா? எவ்வளவு நேரம் ஆகும்? எந்த மாசம் கடல் சாதுவா இருக்கும்? அந்த ஒத்த மரம் இருக்கா? மணல் அப்பிடியே இருக்கா?

உடனே பதில் போடு. இந்த மனுஷன் மனசு மாறறதுக்குள்ள நான் கிளம்பியாகணும்.

உன் அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

சாமான் படகு வாரத்துக்கு ஒரு தடவைதான் வருது, அதான் தாமதம், திட்டாதே. முழங்கால் இருக்கு, தைலமும் இருக்கு. ரெண்டும் இன்னும் சந்திச்சுக்கல.

உன் கடிதத்தைப் படிச்சிட்டு சமையல்காரர்கிட்ட ரெண்டாவது டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடிச்சேன். அவ்வளவு சந்தோஷம். அத்தான் வாயைத் திறந்து ஒண்ணு கேட்டாரே!

படகு ஓடுது. அதே படகுக்காரர்தான், இப்ப அவர் ஏறினாலே படகு பாதி முங்குது. ஒரு மணி நேரம் ஆகும். மார்ச்சுல இருந்து மே பாதி வரைக்கும் கடல் தூங்கும். மரம் இருக்கு, நானே பாத்தேன்.

ரூமுக்கு ஜன்னல் திறந்து வைக்கிறியா? வை. அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


ஜனவரி 30

தம்பிக்கு,

இங்க எல்லாரும் சுகம். கேள்வி கேட்டா முழுசா பதில் சொல்ற பழக்கம் உனக்கு ஸ்கூல்லயே கிடையாது. அஞ்சு கேட்டேன், நாலுக்குத்தான் பதில் வந்திருக்கு. மணல் எப்படிடா இருக்கு?

இங்க நடக்கறதைக் கேளு. உங்கிட்ட வரணும்னா ஏழு மணி நேரம் பஸ். இருபது வருஷம் ஓட்டின மனுஷனுக்கு இப்ப பஸ் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வேர்க்குது. அதனால பழக்கறார், தன்னைத்தானே. முதல் நாள் தெருமுனை வரைக்கும் போய் நின்னார். அப்புறம் ஸ்டாப்புல போய் நாலு பஸ்ஸைப் பாத்துட்டு வந்தார். நேத்து ஏறி, அடுத்த ஸ்டாப்புல இறங்கி, நடந்தே வந்துட்டார். சட்டை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. நான் ஒண்ணும் பாக்காத மாதிரி மெஷினை ஓட்டிட்டிருந்தேன். அவர் போனதும் மெஷின் மேல தலையை வெச்சு ஓன்னு அழுதேன்.

மணல்ல உக்கார ஒரு விரிப்பு தைக்கிறேன். ஆறு ஸ்கூல் யூனிஃபார்ம்ல வெட்டினது போக மிச்சம் கிடந்த துணி. நீலம், பச்சை, காக்கி, மெரூன், கட்டம் போட்டது, அந்தப் பணக்காரப் பிள்ளைங்க ஸ்கூலோட சாம்பல் கலர். பாக்க ஒரு அசெம்பிளியே படுத்திருக்கிற மாதிரி இருக்கு.

மணலைப் பத்தி எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். இந்தக் கடிதத்தை மூணு தடவை ஆரம்பிச்சுக் கிழிச்சுப் போட்டேன்.

மணலைப் பத்தி நான் எழுதாததுக்குக் காரணம் இருக்கு. நவம்பர்ல இருந்து எங்க டிரெட்ஜர் நிக்கிறதே அந்தத் தீவுலதான். புதுத் துறைமுகத்துக்கு மேடு போட மணல் வேணும். தீவுக் கரையைக் கட்டம் கட்டமா கோடு போட்டு நம்பர் குடுத்திருக்காங்க. தினம் ஒரு கட்டம், சில நாள் ரெண்டு. கப்பலுக்கு முன்னாடி ஒரு பல்லுச் சக்கரம் மணலைக் கிளறும், நான் பம்ப்பைப் போடுவேன், குழாய் வழியா மொத்தமும் அக்கரைக்குப் போயிடும். நேத்து நடந்து போன இடத்துல இன்னிக்கு ஆள் முங்கற ஆழம். மேற்குப் பக்கம் சுத்தமா போச்சு. உன் தம்பி கையாலதான் போச்சு.

ஆனா பயப்படாதே. நான் ஒரு வேலை பண்ணியிருக்கேன், கேட்டா நீயே முதுகுல தட்டுவே. தினமும் வேலை நோட்டு எழுதறது நான்தான். பல்லுச் சக்கரம் பாறையில மோதினா உடைஞ்சிடும், அதனால பாறைன்னு எழுதின கட்டத்துப் பக்கம் யாரும் போகமாட்டாங்க. அந்த மரத்தடிக் கட்டம் ரெண்டு, முப்பத்தொண்ணும் முப்பத்திரண்டும். "பாறை. வேலை செய்ய இயலாது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அங்க ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது! எண்பது அடி நீளத்துக்கு மணல் மாவு மாதிரி கிடக்கு. உங்க ரெண்டு பேருக்கும் அது போதாதா?

ஏப்ரல்ல வாங்க. அதுக்குள்ள நாங்க கிழக்குப் பக்கம் நகர்ந்திடுவோம், சத்தமும் இருக்காது. படகுக்காரர்கிட்ட மரத்துப் பக்கமா சுத்திக் கொண்டு போகச் சொல்லியிருக்கேன். மேற்குப் பக்கத்தை அத்தான் பாக்க வேண்டாம்.

தம்பி


மார்ச் 2

என் ராசா,

நீ நூறு வருஷம் இருக்கணும். உன் கடிதத்தைப் பாதியில மூடி வெச்சிட்டேன், அப்புறம் எடுத்துப் படிச்சு முடிக்கும்போது வயித்துல பாலை வார்த்துட்டே. சின்ன வயசுல அப்பா கண்ணாடியை உடைச்சிட்டுப் பூனை மேல பழி போட்டவன்தானே நீ, புத்தி எங்க போகும்!

சந்தோஷத்துல உங்க அத்தான்கிட்டயும் சொல்லிட்டேன். "உங்க மச்சான் உங்களுக்காக மணலைக் காவல் காக்கிறான், இல்லாத பாறையை எழுதி வெச்சு"ன்னேன். சிரிப்பார்னு பாத்தேன். "நோட்டுலயா எழுதினான்?"னார். ஆமான்னேன். "கையெழுத்துப் போட்டா?"ன்னு கேட்டார். அப்புறம் எழுந்து பின்கட்டுக்குப் போனவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். உனக்கு வேலையில எதாவது வம்பு வருமோன்னு பயப்படறார்போல.

ஆனா மறுநாளே நாலு ஸ்டாப் போயிட்டு பஸ்லயே திரும்பி வந்தார். கண்டக்டர் பழைய பழக்கம், டிக்கெட் கிழிக்காம "அண்ணே"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாராம். இப்ப காலையில வாசல் கேட்ல நிக்கிறார். தபால்காரர் வந்தா உன் கடிதத்தை அவரே வாங்கிட்டு வந்து என் மெஷின் மேல வைக்கிறார். வாசல்ல நிக்கிறார்டா! எதிர்வீட்டு டீச்சரம்மா அவரைப் பாத்துட்டுக் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பாக்கறாங்க.

ஏப்ரல் ஒன்பதாம் தேதின்னு முடிவு பண்ணியாச்சு. அதுக்கப்புறம் எனக்கு யூனிஃபார்ம் சீசன், தலை நிமிர முடியாது. காலண்டர்ல அவரே வட்டம் போட்டார். எட்டாம் தேதியே வந்து படகுத்துறை லாட்ஜ்ல தங்கிக்கறோம்.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

சுகம்.

ஒன்பதாம் தேதி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இந்த மாசக் கடைசியிலேயே வந்திடுங்களேன். அடுத்த வாரமே வந்தாலும் சரி. காரணம் ஒண்ணுமில்ல, கடல் இப்ப ரொம்ப நல்லா இருக்கு, அதான்.

முடிஞ்சா சீக்கிரம் வாங்க.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

என்னடா இது, தந்தி மாதிரி நாலு வரி? காய்ச்சலா? இங்க சுகம்.

தேதியை மாத்த முடியாது. மெதுவா கேட்டுப் பாத்தேன். "ஒன்பதாம் தேதி. மாத்தாதே"ன்னுட்டார். முகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இப்பத்தான் முக்கால் மணி நேரம் பஸ்ல உக்காந்து பழகியிருக்கார். ஏழு மணி நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கு பாரு. அடுக்கி வெச்ச சீட்டுக்கட்டு வீடு மாதிரி இருக்கார். நான் மூச்சு விடவே பயப்படறேன்.

இன்னொண்ணு. அங்க போய் எங்கிட்ட என்னவோ பேசணுமாம். "இங்கயே சொல்லுங்களேன், நான் என்ன செவிடா?"ன்னேன். "அங்கதான்"னார். எனக்கு இருப்பே கொள்ளல. ஒருவேளை குழந்தை தத்தெடுக்கிற விஷயமோ? விபத்துக்கு முந்தி ஒரு தடவை நானா பேச்சை எடுத்து, அவர் யோசிக்கலாம்னு சொல்லி, அப்பிடியே நின்னு போச்சு. வேற என்ன இருக்கப்போகுது? யார்கிட்டயும் சொல்லிடாதே, கண்ணு பட்டுடும். உன் கப்பல்ல யார்கிட்ட சொல்லப்போறே, மீன்கிட்டயா?

விரிப்பு முடிஞ்சுது. நாலு பேர் படுக்கலாம்.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

இதைத் தனியா உக்காந்து படி. அத்தான்கிட்ட காட்டாதே.

மணல் போயிடுச்சுக்கா. முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு, ரெண்டுமே.

மார்ச் பத்தாம் தேதி துறைமுகம் கட்டற இன்ஜினியர், மூக்குக்கண்ணாடி போட்ட ஆள், என் நோட்டைத் தூக்கிட்டுத் துள்ளிக்கிட்டு வந்தார். துறைமுகத்துக்கு அலைத் தடுப்புச் சுவர் கட்டக் கல் கிடைக்காம ஆறு மாசமா நாயா அலைஞ்சிருக்காங்க. "பக்கத்துலயே பாறை இருக்குன்னு முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா!"ன்னு என் தோளைத் தட்டினார். நாங்க மணல்காரங்க, எங்களுக்குப் பாறைன்னா தொல்லை. அதுவே ஒருத்தனுக்குத் தேவையா இருக்கும்னு என் மரமண்டைக்கு எட்டவே இல்ல. களிமண்ணுன்னு எழுதியிருந்தா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. மத்த பக்கத்தை விட்டுட்டு நேரா அங்கதான் துளை போடுற ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. ஏழு இடத்துல துளை போட்டாங்க. ஏழுலயும் மணல். அதுவும் இந்தத் தீவுலயே நல்ல மணல்.

அதான் உன்னைச் சீக்கிரம் வரச்சொன்னேன். ஏன்னு எழுத எனக்கு மூஞ்சி இல்ல.

இன்ஜினியர் கத்தல. அது இன்னும் கேவலமா இருந்துச்சு. "நீ எழுதின கட்டம், நீயே எடு"ன்னார். ரெண்டு நாள் பம்ப்போட கைப்பிடியைப் பிடிச்சிட்டு நின்னேன். ரெண்டாவது நாள் மத்தியானம் மரம் வேரோட சாஞ்சுது. இப்ப தண்ணியில படுத்துக் கிடக்கு. என்னைக் குழாய்க்கு கிரீஸ் அடிக்க அனுப்பிட்டாங்க, அதைப் பத்திக் கவலை இல்ல.

அத்தானை எப்படியாவது கிளப்பிக் கூட்டிட்டு வா. இங்க ஊர்க்கரை இருக்கு. கூட்டமா இருக்கும், ஆனா அதுவும் கடல்தானே. முதல்ல உண்மையைச் சொல்லாதே, பஸ்ல ஏத்திடு. படகு ரிப்பேர்னு நான் வந்து சொல்லிக்கறேன். அந்தப் பொய்யையும் நானே சொல்லிக்கறேன்.

என்னை மன்னிச்சுக்கோ.

தம்பி


ஏப்ரல் 8

மச்சானுக்கு,

நலமா இருப்பேன்னு நம்பறேன். நீ அக்கா பேருக்கு எழுதின கடிதம் இன்னிக்குக் காலையில கேட்ல என் கைக்கு வந்துச்சு. மதியம் கிளம்பறோமே, படகு விவரம் எதாவது இருக்கும்னு பிரிச்சிட்டேன். படிச்சிட்டேன். தப்புதான்.

உன் மேல எனக்குக் கோபம் இல்ல. பாறைன்னு எழுதினதுக்காக நீ உன்னை அடிச்சுக்காதே. நான் எழுதினதை யாருக்கும் சொல்லல, உனக்குச் சொல்றேன்.

டெப்போவுல தினம் காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டிரைவர் ஒரு புத்தகத்துல எழுதணும். பிரேக், ஹாரன், விளக்கு. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல சரி, இல்லன்னா பழுது. மூணு நாளாவே பிரேக் மிதி கீழ போயிட்டிருந்துச்சு. பழுதுன்னு எழுதினா வண்டியை ஷெட்ல போட்டுடுவாங்க, எனக்கு வேற ரூட் வந்திடும். என் ரூட் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான் காரணம். மூணு நாளும் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மருந்துக்கடைக்காரர் டீ டம்ளரோட வெளிய வந்தார். எனக்குத் தலைவலின்னா ஒண்ணுக்கு ரெண்டா மாத்திரை குடுக்கிற மனுஷன் அவர். நான் மிதிச்சேன், பிடிக்கல. கோர்ட்ல அந்தப் புத்தகத்தைக் காட்டி, காலையில சரியா இருந்த பிரேக் திடீர்னு போச்சுன்னுதான் என்னை விட்டாங்க. பிரேக்கை ஒழுங்கா பாக்கலன்னு மெக்கானிக் மேல பழி விழுந்து அவனை வேலையை விட்டு எடுத்துட்டாங்க.

உங்க அக்கா பதினேழு மாசமா "உங்க மேல தப்பில்ல, உங்க மேல தப்பில்ல"ன்னு சொல்லிச் சொல்லிச் சோறு போடறா. அந்தச் சோறு இறங்கல.

தீவுல வெச்சு அவகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். வீட்ல சொன்னா அவ எழுந்து மெஷினுக்குப் போயிடுவா, இல்ல கதவைத் திறந்துட்டு எங்கயாவது போயிடுவா. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு தெரியாது. அங்க அஞ்சு மணி வரைக்கும் படகு வராது. அவ கத்தலாம், அடிக்கலாம், எண்பது அடி தள்ளிப் போய் முதுகைக் காட்டிட்டு உக்காரலாம். ஆனா போக முடியாது. அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் ஒரே படகுலதான் ஏறியாகணும். அந்த ஒரு நாளை நம்பித்தான் பஸ் ஏறிப் பழகினேன்.

ஊர்க்கரைக்கு வரச்சொல்றே. அங்க எந்த நேரமும் எழுந்து போகலாம்.

இனிமே என்னால முடியாது. நீயும் சொல்லாதே. உன் வாயால அவ இதைக் கேக்கக்கூடாது.

அத்தான்


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நல்லா இருக்கியா? நான் இருக்கேன்.

எட்டாம் தேதி பை எல்லாம் கட்டி வாசல்ல வெச்சிருந்தேன். உங்க அத்தான் உன் கடிதத்தை மடிச்சு என் கத்தரிக்கோலுக்குக் கீழ வெச்சிட்டு, "ஒரு நிமிஷம்"னுட்டு வெளிய போனார். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தபால்பெட்டிக்குப் போய் எதையோ போட்டுட்டு வந்தாராம், டீச்சரம்மா பாத்திருக்காங்க. பஸ் பழகறதுக்குன்னு இல்லாம வேற வேலையா அவர் வெளிய போனது இதுதான் முதல் தடவை. நானும் அசட்டுத்தனமா, ஆகா, சரியாகிட்டார்னு நினைச்சேன். திரும்பி வந்தார், செருப்பைக் கழட்டினார், பின்கட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினார். இன்னிக்குப் பன்னெண்டு நாள். இப்ப சாப்பிடக்கூட வெளிய வர்றதில்ல. தட்டை வாசப்படியில வைக்கிறேன். ஜன்னலையும் அவரே சாத்திக்கிட்டார்.

உன்னைத் திட்டணும்னு பேனாவை எடுத்தேன். திட்ட வரல. நீ நல்லதுக்குத்தான் பண்ணினே. நான்தான் உன்னை அஞ்சாவது கேள்வி கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தேன். மணல் போனா போகுது, நான் வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிருப்பேன். கதவுக்கு வெளிய நின்னு சொல்லியும் பாத்தேன். "அங்க பேசணும்னு சொன்னீங்களே, இங்கயே பேசுங்க, நான் எங்கயும் போகமாட்டேன்"னேன். கட்டில் கிறீச்சுனு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அவர் தபால்ல போட்டது உனக்குத்தானே? வேற யாருக்குப் போடப்போறார். என்னடா எழுதியிருந்தார்? அங்க எங்கிட்ட சொல்லணும்னு இருந்தது அதுல இருந்துச்சா? ஒரு வரி இருந்தாலும் அப்பிடியே எழுதி அனுப்பு. கெட்டதா இருந்தாலும் சரி. ஒண்ணும் தெரியாம இந்தக் கதவைப் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால முடியலடா.

விரிப்பை உனக்கே பார்சல் பண்ணிட்டேன். வீட்ல வெச்சா ஒரு நாள் கத்தரிக்கோலால வெட்டிப் போட்டுடுவேன்.

அக்கா


மே 4

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். முழங்கால் பரவாயில்ல, இப்ப தினமும் தைலம் தேய்க்கிறேன்.

விரிப்பு வந்துச்சு. என் படுக்கையில போட்டிருக்கேன். கால்மாட்டுல மெரூன், தலைமாட்டுல அந்தப் பணக்கார ஸ்கூல். சமையல்காரர் தனக்கும் ஒண்ணு வேணும்னு கேக்கறார்.

டிரெட்ஜர் கிழக்குப் பக்கம் வந்தாச்சு. எழுத ஆள் இல்லன்னு நோட்டை மறுபடி எங்கிட்டயே குடுத்துட்டாங்க. இப்ப மணலை மணல்னு மட்டும்தான் எழுதறேன். நான் எழுதற கணக்குப்படி பாத்தா, இந்த மாசக் கடைசியில தீவே முடிஞ்சிடும்.

அத்தான் கடிதம் வந்துச்சு. நீ நினைக்கிற மாதிரி அதுல ஒண்ணுமில்லக்கா. நாலே வரிதான். என் மேல கோபம் இல்லன்னு எழுதியிருந்தார், உடம்பைப் பாத்துக்கச் சொன்னார். அனுப்பலாம்னா, கடல் தண்ணி பட்டு மை கரைஞ்சு போச்சு.

தட்டை வாசப்படியில வைக்கும்போது ரெண்டு வார்த்தை பேசிட்டு வை. என்ன பேசினாலும் பரவாயில்ல. உங்க மேல தப்பில்லன்னு மட்டும் இனிமே சொல்லாதே. ஏன்னு கேக்காதே, எனக்குத் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. மத்தபடி இங்க எல்லாம் சரி.

தம்பி